முழுநேர ஹிஃப்ழா, மாலை மக்தபா?

கிருஷ்ணகிரியில் பிள்ளையைக் குர்ஆன் மனனத்துக்கு அனுப்ப வழி இரண்டு: தங்கி ஓதும் ஹிஃப்ழ் (மனன) மதரஸா, பள்ளிக்கூடம் விட்டபின் மஹல்லா (நம் பகுதி) பள்ளிவாசலில் நடக்கும் குர்ஆன் வகுப்பான மக்தப்.

மதரஸாவில் ஃபஜ்ர் (அதிகாலைத்) தொழுகைக்குப்பின் புதுப் பாடம் (சபக்), பிறகு அண்மையில் ஓதியது, கடைசியாகப் பழைய ஜுஸ்வுகள் (குர்ஆனின் முப்பது பாகங்களில் முன்பே ஓதியவை). பக்கத்துக்கு 15 வரி உள்ள முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) 604 பக்கம். நாளுக்கு அரைப் பக்கம் என்றால் 1208 ஓதும் நாட்கள், விடுமுறையோடு ஏறக்குறைய நான்கு ஆண்டு. பெரும்பாலும் சறுக்குவது பழைய பாடத்தில்தான். புதுப் பக்கத்தைத் துரத்தினால் ஒத்த ஆயத்துகள் (வசனங்கள்) பின்னிக்கொண்டு, ஒரு சூராவில் (அத்தியாயத்தில்) தொடங்கியவர் இன்னொன்றில் போய் முடிப்பார். இடையில் முஸ்ஹஃபை மாற்றக் கூடாது. கண்ணில் பதிந்த பக்கம் கலைந்துவிடும்.

மக்தபில் கிடைப்பது ஒரு மணி நேரம். நாளுக்கு மூன்று வரி வைத்தால் முழுக் குர்ஆனுக்கு எட்டு ஆண்டுக்கு மேல். அதனால் 30ஆம் ஜுஸ்வோடு தொடங்குங்கள்: 37 சூரா, 23 பக்கம், ஓராண்டு தாராளம். தொழுகையில் தினம் ஓதுவதால் மறக்காது. ஆனால் உச்சரிப்பு முக்கியம்: ஸீன், ஸாத், ஸா என்ற அரபு எழுத்துகள் மூன்றும் தமிழ் நாக்கில் ஒரே 'ஸ'தான்! தஜ்வீத் (ஓதும் உச்சரிப்பு முறை) திருத்தாமல் மனனம் செய்த பிழையைப் பிறகு பிடுங்குவது பெரும்பாடு.

ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழவைக்கும் ஹாஃபிழ் (முழுக் குர்ஆனும் மனனமானவர்) ஆக வேண்டுமானால் மதரஸாதான். பார்த்து ஓதவே திணறும் பிள்ளைக்கு, மக்தபில் முதலில் நாழிரா (பார்த்து ஓதுதல்) முடியட்டும்.