பெராக்சைடு ஆவிக் கிருமிநீக்கச் சேவை: இயந்திரத்தைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள்

ஆய்வுக்கூடமோ, தனிமை வார்டோ, ஆந்த்ராக்ஸ் தூள் சிந்திய அலுவலகமோ, கிருமிநீக்கம் செய்ய வருகிறவர்கள் முதலில் காட்டுவது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி இயந்திரத்தைத்தான். சக்கரம் வைத்த பெட்டி, தொடுதிரை, உள்ளே 35 சதவீதக் கரைசல். நல்ல கருவிதான், ஸ்போர்களையும் (சில பாக்டீரியாக்கள் உறைகட்டி உறங்கும், எளிதில் சாகாத வடிவம்) கொல்லும். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 5 முதல் 7 சதவீதக் கரைசலைப் பனிபோலத் தூவும் ஃபாகிங் கருவியும் 'பெராக்சைடு' என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அது ஆவி அல்ல, துளி. துளி கீழே இறங்கும். மேசையின் மேற்பரப்பு நனையும், அடிப்பக்கம் அப்படியே இருக்கும். ஸ்போர் இருக்கும் இடத்துக்கு இதை நம்பி இறங்க வேண்டாம்.

ஆவி முறையில் பொதுவாக நான்கு கட்டங்கள். அறைக் காற்றின் ஈரத்தைக் குறைப்பது, ஆவியின் அடர்த்தியை வேகமாக ஏற்றுவது, அதே அளவில் பிடித்து வைப்பது, பிறகு காற்றை மாற்றி வெளியேற்றுவது. முதல் கட்டத்தைச் சுருக்கினால், குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியிலும் வெளிச்சுவரிலும் ஆவி நீர்த்துளியாகப் படிந்து, மற்ற மூலைகளுக்குப் போய்ச்சேர வேண்டியது குறைந்துவிடும். திரையில் 400 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 400 பங்கு) என்று காட்டும், சரி. சென்சார் எங்கே இருக்கிறது? பெட்டிக்குப் பக்கத்திலேயே என்றால், பீரோவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அந்த எண் சொல்லாது.

இந்த ஆவிக்குப் பெரிய எதிரி காகிதம். அட்டைப்பெட்டி, கோப்பு, திரைச்சீலை, பெயின்ட் அடிக்காத கான்கிரீட் எல்லாம் ஆவியைக் குடித்து அடர்த்தியைக் கீழே இழுக்கும். காற்றோட்டக் கட்டத்தில் அதையே மெல்ல மெல்லத் திருப்பி விடும். "ஒரே நாளில் அறை ரெடி" என்ற வாக்குறுதி வெற்று அறைக்குப் பொருந்தலாம்; கோப்புகள் அடுக்கிய அறைக்குப் பொருந்தாது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்க வரம்பு 1 பிபிஎம். 75 பிபிஎம் உடனடி உயிராபத்து அளவு. 1 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியதாகக் கையடக்க மீட்டர் காட்டும் வரை கதவைத் திறக்கக் கூடாது, மூக்கை நம்பவும் கூடாது.

அடைப்பு வேலையில்தான் ஒரு குழுவின் தரம் தெரியும். ஏசி டக்ட்டின் சப்ளை, ரிட்டர்ன் இரண்டும் துண்டிக்கப்பட்டதா? தரை வடிகால், கேபிள் துளைகள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் இடைவெளி? பிளாஸ்டிக் ஷீட்டின் ஓரத்தில் டேப் ஒட்டும் முன் சுவரின் தூசியைத் துடைத்தார்களா? தூசி மேல் ஒட்டிய டேப், விசிறி ஓடியதும் உரிந்துவிடும். அழுக்குக்கும் இதே கதைதான். ஹெப்பா வாக்யூம் (நுண்துகளையும் பிடிக்கும் வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சி) போட்டுத் துடைக்காமல் ஆவி விட்டால், காய்ந்த இரத்தத்துக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். இரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடையே உடைத்துவிடும்.

சான்றுக்கு வண்ணம் மாறும் பட்டையைக் காட்டுவார்கள். அது ஆவி வந்து போனதற்கு மட்டுமே சாட்சி. கேட்க வேண்டியது உயிரியல் இண்டிகேட்டர்: எஃகு வட்டில் ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் 10 லட்சம் ஸ்போர்கள். இழுப்பறைக்குள், மேசைக்கு அடியில், அறையின் மிகத் தொலைவான மூலையில் வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வோர் இடத்திலும் மூன்று. சில வட்டுகளில் ஸ்போர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கும். ஆவி விட்ட பிறகு வட்டுகளை வளர்த்துப் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தால், ஆவிச் சுழற்சி தோற்றதா, வட்டுதான் மோசமா என்று பிரித்தறிய மற்ற இரண்டும் உதவும்.

குளோரின் டை ஆக்சைடு வேறு ரகம். உண்மையான வாயு, குளிர்ந்த பரப்பில் படியாது, பெரிய கட்டடத்துக்கு ஏற்றது. 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்கள் அஞ்சலில் வந்த பிறகு வாஷிங்டனின் பிரெண்ட்வுட் அஞ்சல் நிலையத்தை 2002 டிசம்பரில் இதைக் கொண்டுதான் புகையூட்டினார்கள். இலக்கு 750 பிபிஎம், 12 மணி நேரம், 75 சதவீத ஈரப்பதம். கட்டடம் திறக்க 2003 டிசம்பர் ஆனது. பெராக்சைடுக்கு எதிரான ஈரம் இங்கே கட்டாயம். அந்த ஈரத்தோடு சேர்ந்து உலோகம் துருப்பிடிக்கும், துணி வெளுக்கும். வெளிச்சத்தில் வாயு சிதையும், ஜன்னலை மறைக்க வேண்டும். இதன் வேலைநேர வரம்பு 0.1 பிபிஎம்தான், அடைப்பில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

மின்னணுக் கருவிகள் நிறைந்த, வழவழப்பான பரப்புள்ள அறைக்குப் பெராக்சைடு ஆவியே முதல் தேர்வு. தரைவிரிப்பும் காகிதமும் நிறைந்த முழுக் கட்டடத்துக்கு இல்லை. ஃபார்மால்டிஹைடு வாயு மலிவு, நன்றாக ஊடுருவும், ஆனால் புற்றுநோய் உண்டாக்கும். அமோனியம் பைகார்பனேட்டால் முறித்த பிறகு எல்லாப் பரப்பிலும் வெள்ளைப் பொடி மிஞ்சும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இறுதி மாதிரிகளைக் கிருமிநீக்கம் செய்த குழுவே எடுக்கக் கூடாது. ஆவி படாத ஒரு கட்டுப்பாட்டு வட்டையும் 55 முதல் 60 டிகிரியில் ஏழு நாள் வளர்த்துக் காட்ட வேண்டும். அது வளரவில்லை என்றால், மற்ற வட்டுகளில் எதுவும் வளராததற்கு மதிப்பில்லை. அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.