மினிட்ஸ்ல தப்பா எழுதிட்டா: வொயிட்னரா, அடிச்சு எழுதறதா, புதுத் தீர்மானமா?

கேரளாவுல, கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க அயல்கூட்டத்துல (உங்க பக்கம் சுயஉதவிக் குழுன்னு சொல்லுவீங்களே, அதேதான்) மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதறது நான். பேச்சு தமிழ், நடுநடுவுல மலையாளம், காசுன்னு வந்துட்டா மட்டும் எல்லாருக்கும் இங்கிலீஷ் வந்துடும். அப்படித்தான் ஒரு அக்கா லோன் 'ஃபிஃப்டீன் தவுசண்ட்'னு சொன்னது என் காதுல ஃபிஃப்டின்னு விழுந்து, 15,000க்கு பதிலா 50,000னு எழுதி வெச்சுட்டேன். அடுத்த வாரம் வாசிச்சுக் காட்டினப்ப கரெக்டா டீ வந்துச்சு, ஒருத்தரும் கேக்கல, கையெழுத்தும் போட்டாச்சு. அப்புறம் கணக்குப் பார்க்க வந்தவங்க அந்த வரியில விரல வெச்சப்பதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு.

ஆளாளுக்கு ஒரு வழி சொன்னாங்க. வொயிட்னர் போடுன்னாங்க. பார்க்க சுத்தமா இருக்கும், ஆனா நோட்டப் பார்க்கறவங்க முதல்ல கேக்கறதே கீழ என்ன இருந்துச்சுன்னுதான். மேல சீட்டு ஒட்டறதும் இதே ரகம். பக்கத்தக் கிழிச்சுட்டு வேற எழுதுன்னு சொன்ன அண்ணனுக்கு என்ன சொல்றது, 37ஆம் பக்கத்துக்கு அப்புறம் 39 வந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? கம்பெனிங்களுக்கு இதுல சட்டமே இருக்கு: மினிட்ஸ் புக்ல பக்க எண் வரிசையா இருக்கணும், எதையும் ஒட்டக் கூடாது, மினிட்ஸ்ல தில்லுமுல்லு பண்ணது நிரூபணமானா 2013 கம்பெனி சட்டப்படி 2 வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே 25,000லருந்து 1 லட்சம் வரைக்கும் அபராதம். நாம கம்பெனி இல்லதான், இருந்தாலும் அந்த பயம் நல்லது.

அடிச்சு எழுதறது எவ்வளவோ மேல். ஒரே ஒரு கோடு, கீழ இருக்கறது படிக்கற மாதிரி இருக்கணும், மேல சரியான தொகை, பக்கத்துல தேதியும் இனிஷியலும், முடிஞ்சுது. ஆனா இது கையெழுத்துக்கு முன்னாடி மட்டும்தான், அப்புறமா நான் தனியா உக்காந்து கோடு போட்டா அது திருத்தம் இல்ல, திருட்டுத்தனம் மாதிரி தெரியும்.

கையெழுத்துக்கு முன்னாடியே பிடிக்கணும்னா டிராஃப்ட அனுப்பிடறது பெஸ்ட். கம்பெனி போர்டுல 15 நாளுக்குள்ள அனுப்பணும், டைரக்டருங்க 7 நாளுக்குள்ள பதில் சொல்லணும். நான் இப்பல்லாம் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுடறேன். இதுல ஒரு தலைவலியும் இருக்கு, வட்டிக்கு அன்னிக்கு சரின்னு தலையாட்டினவங்களே வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு 'நான் அப்படி சொல்லவே இல்லையே'ன்னு வருவாங்க. மனசு மாறுனா அடுத்த கூட்டத்துல பேசுங்கக்கா, நடந்தத மாத்த என்னால ஆகாது.

கடைசில நான் பண்ணது புதுத் தீர்மானம். 'முந்தைய கூட்டக் குறிப்பில் கடன் தொகை 50,000 எனத் தவறாகப் பதிவாகியுள்ளது, சரியான தொகை 15,000 என இக்கூட்டம் ஏற்கிறது'ன்னு எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கிட்டு, பழைய வரிய தொடாம ஓரத்துல 'திருத்தம் பக்கம் 41'னு மட்டும் போட்டேன். கூட்டம் வர வரைக்கும் காத்திருக்கணும், என் அசட்டுத்தனமும் நோட்டுல நிரந்தரமா இருக்கும், அது ஒண்ணுதான் கஷ்டம். ஆனா வவுச்சர்லயும் 15,000 இருந்துச்சா, வந்தவங்க மறு கேள்வி கேக்கல.

இன்னொரு தப்ப மட்டும் அப்படியே விட்டுட்டேன். 'மூணு நாளா வெள்ளம் வராததால் பஞ்சாயத்துக்கு மனு'ன்னு எழுதியிருந்தேன், பொள்ளாச்சில கட்டிக்கொடுத்த என் தங்கச்சி அதப் படிச்சுட்டு, வெள்ளம் வரலைன்னு கூடவா மனு குடுப்பீங்கன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. இங்க குழாயில வர்ற தண்ணிக்கே வெள்ளம்னுதான் பேரு, எங்களுக்குப் புரியுது, பஞ்சாயத்துக்கும் புரிஞ்சுது, நாலாம் நாள் வந்துடுச்சு.