மாம்பழத்து ‘மா’வும் மாபெரும் ‘மா’வும்

ஒற்றையெழுத்துதான், ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. பின்னால் வல்லினம் வரட்டும்.

மரத்தைக் குறிக்கும் மா இன மெல்லெழுத்தைக் கேட்டு வாங்கும்: மாங்காய், மாந்தளிர், மாம்பழம். ‘பெரிய’ என்னும் மா அப்படியே நிற்கும்: மாகடல், மாதவம், மாபெரும். ‘மாம்பெரும்’ என்று யாரும் சொல்வதில்லையே! (மாவு மூன்றாவது வகை, அது மாப்பொருள் என்று ஒற்று மிகும்.) சிக்கல் எங்கே என்றால், மெல்லினம் வரும்போது. ‘மாமரம்’ மாவாகிய மரமா, பெரிய மரமா? வடிவம் சொல்லாது, இடம்தான் சொல்ல வேண்டும்.

முதல் மா திராவிடச் சொத்து. கன்னடத்திலும் மலையாளத்திலும் மரம் ‘மாவு’தான். மலையாள ‘மாங்ங’தான் போர்த்துகீசிய ‘மாங்கா’ வழியாக ஆங்கில ‘மேங்கோ’ ஆனது. மாங்காயின் அந்த ‘ங்’ ஒலி இன்னும் அதில் கேட்கிறது.

இரண்டாவதை ‘மகா’வின் குறுக்கம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது, சங்கப் பாடல்களிலேயே மாமலை உண்டு. வடமொழி ‘மகா’வுக்கோ கிரேக்க ‘மெகாஸ்’, லத்தீன் ‘மாக்னுஸ்’ உறவு.