ஸ்லாஷ் கார்ட்: வருஷக்கணக்கில் வாசித்தால் எது கையில் நிற்கும், எது நிற்காது

கிட்டார் கார்ட் ஷீட்டில் டி/எஃப்# என்று இருந்தால் அது ஸ்லாஷ் கார்ட்: கோட்டுக்கு இடது பக்கம் கார்ட், வலது பக்கம் பேஸ் நோட், அதாவது அடியில் ஒலிக்க வேண்டிய சுரம். வேலூர், காட்பாடி பக்கத்துக் கொயர்களில் 'டி பை எஃப் ஷார்ப்' என்பார்கள். தியரி இவ்வளவுதான், ஒரே நாளில் புரிந்துவிடும். வாசிக்கும்போது அந்த எஃப்# காதில் விழ வேண்டும், முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். விரல் எட்டவில்லை என்று இடது கையைக் குறை சொல்வார்கள். உட்கார்ந்து கவனித்தால் கோளாறு வலது கையில் இருக்கும், அல்லது ஒலிக்காமல் மூட வேண்டிய ஸ்ட்ரிங்கை மூடாமல் விட்டதில் இருக்கும்.

கீழே வரும் எண்கள் விரல் அழுத்த வேண்டிய ஃப்ரெட் (நெக்கில் உள்ள கட்டம்), தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கில் தொடங்கி மெல்லிய முதல் ஸ்ட்ரிங் வரை. × என்றால் ஒலிக்கக் கூடாது, 0 என்றால் ஓப்பன், அழுத்தாமல் ஒலிக்க வேண்டும்.

ஜி கீயில் ஆரம்பிப்பதுதான் லாபம். ஜி 3-2-0-0-3-3, டி/எஃப்# 2-×-0-2-3-×, இஎம்7 0-2-2-0-3-3, சி ஆட்9 ×-3-2-0-3-3, ஜி/பி ×-2-0-0-3-3. மோதிர விரலை இரண்டாவது ஸ்ட்ரிங், மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்துவிட்டால் இந்த ஐந்து கார்டுக்கும் அதைத் தூக்கவே வேண்டாம். அடியில் பேஸ் ஜி, எஃப்#, இ என்று இறங்கி, சி-க்குத் தாவி, அங்கிருந்து பி. அடுத்து ஏஎம்7 (×-0-2-0-1-0) வரும்போதுதான் மோதிர விரல் எழும்.

ஜி-யிலிருந்து டி/எஃப்#க்குப் போகும் இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஐந்தாவது ஸ்ட்ரிங்கிலிருந்து அதே இரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவதற்கு ஏறுகிறது. நடு விரல் ஆறாவது ஸ்ட்ரிங்கை விட்டு மூன்றாவது ஸ்ட்ரிங், இரண்டாவது ஃப்ரெட்டுக்குத் தாண்டுகிறது. சுண்டு விரல் எழுந்துவிடும். எல்லா விரலையும் ஒரே நேரத்தில் இறக்கப் பார்த்தால் தாளம் தவறும். ஆள்காட்டி மட்டும் முதலில் இறங்கட்டும். பேஸைத் தனியாகத் தட்டிவிட்டுப் பிறகு ஸ்ட்ரம் செய்யும்போது முதல் பீட்டில் ஒலிப்பது பேஸ் ஸ்ட்ரிங் மட்டும்தான் என்பதால் நடு விரல் அரை பீட் தாமதமாக வந்தாலும் யாருக்கும் தெரியாது. சாதாரண கார்டில் மெல்லிய ஸ்ட்ரிங் விரல்களை முதலில் வைத்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்கும். மெட்ரோனோம் 60-ல், கார்டுக்கு நாலு பீட் என்று ஓட்டுங்கள். பேஸ் ஒவ்வொன்றும் தெளிவாக வந்த பிறகுதான் இரண்டு பீட்டுக்குக் குறைக்கலாம்.

இனி மூடுகிற விஷயம். ஜி/பி-யில் ஆறாவது ஸ்ட்ரிங் ஓப்பனாக ஒலித்துவிட்டால் அது ஜி/பி இல்லை, அடியில் இ வந்து இஎம்7 ஆகிவிடும். ஐந்தாவது ஸ்ட்ரிங்கை அழுத்தும் ஆள்காட்டி விரலின் நுனியை ஒரு நூல் மேலே தள்ளி ஆறாவதைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள், 'டப்' என்று செத்த சத்தம்தான் வர வேண்டும். டி/எஃப்#ல் அவ்வளவு பயம் இல்லை. ஐந்தாவது ஸ்ட்ரிங் ஒலித்தாலும் அது ஏ, டி கார்டின் சொந்த நோட்தான். அடி கொஞ்சம் குழம்பும், அவ்வளவே.

டி/எஃப்#ஐக் கட்டைவிரலால் பிடிப்பவர்களும் உண்டு: 2-0-0-2-3-2, டி-யைச் சாதாரணமாகப் பிடித்து, கட்டைவிரலை நெக்குக்கு மேலே வளைத்து ஆறாவது ஸ்ட்ரிங். யமஹா எஃப்310 மாதிரி நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) 43 மி.மீ. அகலம் உள்ள கிட்டாரில் இது வரும். 52 மி.மீ. கிளாசிக்கலில் நடக்காத காரியம், விரல் வழியே போதும். கட்டைவிரலில் இன்னொரு தொல்லை, அது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் நெட்டித்தள்ளும், உடனே எஃப்# சுருதி ஏறிவிடும். நாலாவது ஸ்ட்ரிங், நாலாவது ஃப்ரெட்டில் இருப்பது இதன் மேல் எஃப்#. இரண்டையும் மாற்றி மாற்றி ஒலித்தால் ஏறியிருப்பது தெரிந்துவிடும். 10-47 மெல்லிய ஸ்ட்ரிங் செட்டில் (எண்கள் முதல், ஆறாவது ஸ்ட்ரிங்கின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இது அதிகம், 11-52 அல்லது 12-53 என்றால் குறையும்.

பிக் 0.73 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். 0.46 மாதிரி மெல்லிசு ஸ்ட்ரம்முக்கு இனிமை, ஆனால் ஆறாவது ஸ்ட்ரிங்கைத் தனியாகத் தட்டும்போது பிக் வளைந்து ஓடிவிடும், பேஸ் வராது.

கிட்டாரின் உடல்நலமும் இதில் சேர்த்தி. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பூட்டிய காருக்குள் வைத்த கிட்டாரில் பிரிட்ஜ் பசை இளகிப் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி மேல்பலகை உப்பும், ஆக்‌ஷன் உயரும், அதாவது ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை விட்டுத் தள்ளிப்போகும், கோடையில் சுலபமாக வந்த கார்ட் திடீரென்று கையை வலிக்க வைக்கும். ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பி) தொடுவதற்கு முன் நட்டைப் பாருங்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கு மேலே காகிதக் கனம்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட் பள்ளம் ஆழம் போதாது, இரண்டாவது ஃப்ரெட் நோட் எப்போதும் ஏறித்தான் ஒலிக்கும். எவ்வளவு சாதகம் செய்தாலும் அது தீராது. வியர்வை வேறு. சுற்றுக்கம்பி ஸ்ட்ரிங்கின் இடுக்கில் அழுக்கேறினால் முதலில் மங்குவது பேஸ்தான், அத்தோடு ஸ்லாஷ் கார்டுக்கு வேலையே இல்லாமல் போகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள்.

நைலான் ஸ்ட்ராப் தோளில் வழுக்கும், நெக் கீழே சாயும், இடது கை கிட்டாரைத் தாங்க ஆரம்பிக்கும். தாங்குகிற கையில் விரல் எப்படித் தாண்டும்? ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் தோல் பட்டையாகப் பார்த்து வாங்கலாம்.

மற்ற வடிவங்களில் ஏஎம்/ஜி (3-×-2-2-1-0), சி/ஜி (3-×-2-0-1-0) இரண்டும் உழைப்புக்குக் கூலி தரும். இரண்டிலும் ஆறாவது ஸ்ட்ரிங்கை அழுத்தும் விரலே ஐந்தாவதை மூடிவிடும். ஏ/சி# (×-4-2-2-2-×) டி கீயில் டி, சி#, பி என்று இறங்க அவசியம். ஆள்காட்டியைப் படுக்க வைத்து மூன்று ஸ்ட்ரிங், மோதிர விரல் நாலாவது ஃப்ரெட். எஃப்/ஜி (3-×-3-2-1-1) சி-க்குத் திரும்பும் முன் நல்ல இழுவை கொடுக்கும், ஆனால் விரல்கள் நெருக்கியடிக்கும், அவசரமில்லை.

பேஸ் கிட்டாரோ, இடது கையில் கனமாக வாசிக்கும் கீபோர்டோ கூட இருந்தால் கணக்கு மாறும். அவர்கள் அடியில் ஜி வாசித்தால் நீங்கள் வாசிக்கும் பி அதற்கு மேலே போய் ஒளிந்துகொள்ளும். கேட்பவருக்கு அது வெறும் ஜி. அவர்களும் பி-க்கு வர வேண்டும், இல்லையென்றால் நீங்கள் மெல்லிய நாலு ஸ்ட்ரிங்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆலயத்தில் எதிரொலி அதிகம் என்றால் இரண்டாவது வழிதான்.

இ/ஜி# (4-×-2-1-0-0) சிறிய கைக்குக் கொடுமை. ஏ கீ பாட்டுக்கு இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒன்றாக அழுத்தும் கிளிப்) போட்டு ஜி வடிவங்களை வாசித்தால், டி/எஃப்# பிடியே இ/ஜி# ஆகிவிடும். கீபோர்டுக்காரரிடம் மட்டும் 'டி பை எஃப் ஷார்ப்' என்று சொல்லிவிடாதீர்கள், அவருக்கு அது இ பை ஜி ஷார்ப்.