ஐரோப்பிய வி.எல்.பி.ஐ. வலையமைப்பு: கண்காணிப்பு நேரம் கேட்பவரின் பார்வையில் ஒரு மதிப்புரை

வானில் ரேடியோ அலை உமிழும் ஒரு பொருளை (ரேடியோ மூலம்) வில்விநாடியின், அதாவது பாகையின் 3600இல் ஒரு பங்கின், ஆயிரத்தில் ஒரு பங்கு நுணுக்கத்தில் படம்பிடிக்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் ஒரே இலக்கை நோக்கியாக வேண்டும். இம்முறைக்குத்தான் வி.எல்.பி.ஐ. என்று பெயர். 1980இல் உருவான ஐரோப்பிய வி.எல்.பி.ஐ. வலையமைப்பு இதை எந்த நாட்டு ஆய்வாளருக்கும் கட்டணமின்றி, முன்மொழிவின் தகுதியை மட்டும் பார்த்துச் செய்து தருகிறது.

ஜெர்மனியின் 100 மீட்டர் எஃபல்ஸ்பெர்க், இங்கிலாந்தின் 76 மீட்டர் லவல், சீனாவின் 65 மீட்டர் தியான்மா, தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்டபீஸ்ட்ஹூக் என ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனத்தின் சொத்து. அவற்றுக்கெல்லாம் ஆணையிடும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஆகவே ஆண்டுக்கு மூன்று பருவங்களை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று வாரம் என ஒதுக்கி, ரேடியோ அலைகளைப் பெறும் கருவியான வாங்கியை விரைந்து மாற்ற இயலாத நிலையங்களையும் கருத்தில் கொண்டு, ஒரே அலைநீளத்தைக் கேட்கும் திட்டங்களை அடுத்தடுத்து அமைக்கிறார்கள். இச்சேவையின் ஆகச்சிறந்த அம்சம் இந்தப் பொறுமையான ஏற்பாடுதான் என்பேன்.

நேரம் கிடைத்த பின், எந்த மூலத்தை எத்தனை நிமிடம் பார்ப்பது என்ற நிகழ்நிரல் கோப்பை விண்ணப்பித்தவரே எழுத வேண்டும். மங்கலான இலக்குக்கும் அளவுதிருத்தத்துக்கு உதவும் அருகிலுள்ள ஒப்பீட்டு மூலத்துக்கும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறித் திரும்ப வேண்டும். இடையிடையே 3சி 84 போன்ற பிரகாசமான மூலத்தையும் சேர்க்க வேண்டும். லவலோ மணிக்கு 12 முறைக்கு மேல் இலக்கு மாறாது என்பதால், அதற்கு மட்டும் சில ஒப்பீட்டுப் பார்வைகளைத் தவிர்க்க நேரும். இத்தகைய சிக்கல்களை முன்கூட்டியே சரிபார்த்துத் தரும், நெதர்லாந்தின் ட்விங்கலோவில் இயங்கும் ஜைவ் நிறுவனத்தின் உதவி மிகுந்த பாராட்டுக்குரியது. நொடிக்கு 2 கிகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிலையத்தில் மட்டுமே மணிக்கு 900 கிகாபைட் சேரும். எல்லா நிலையங்களின் பதிவுகளையும் பொதுவாக ஜைவ் நிறுவனத்தில்தான் இணைத்து, தொடக்கநிலை அளவுதிருத்தமும் செய்து அனுப்புகிறார்கள்.

காத்திருப்புதான் பெருங்குறை. விண்ணப்பக் கெடு பிப்ரவரி 1, ஜூன் 1, அக்டோபர் 1. திடீரென வெடித்து ஒளிரும் விண்மீனான நோவா இந்தத் தேதிகளைப் பார்த்து வெடிப்பதில்லை. ஒளியிழை வழியே தரவை உடனுக்குடன் இணைக்கும் ஈ-வி.எல்.பி.ஐ. நாட்களும், எந்நேரமும் ஏற்கப்படும் அவசர விண்ணப்பங்களும் இக்குறையை ஓரளவே ஈடுசெய்கின்றன. அந்த நாட்களை இன்னும் கூட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஆனாலும், 2019 ஜூன் 19 அன்று இங்கிலாந்து முதல் சீனா வரையிலான எட்டுத் தொலைநோக்கிகள் ஒன்றாகப் பார்த்து, சில மில்லிவிநாடியே நீடிக்கும் ரேடியோ வெடிப்புகளின் பிறப்பிடத்தை ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள சுருள் விண்மீன்திரளில் சுட்டிக்காட்டியதும் இதே ஏற்பாட்டில்தான்.

புதிதாக விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்கள், முதலில் இதன் காப்பகத்தைத் திறந்து பழைய தரவொன்றை எடுத்துப் பழகலாம். பொதுவாக ஓராண்டுக்குப் பின் தரவு அனைவருக்கும் திறந்துவிடப்படுகிறது.