ரஃப் ரைடரா, ராங்ளரா?

தக்கலையில் தீபாவளிக்குச் சுருள் கேப் துப்பாக்கி சுட்டதோடு சரி. நம்மூரில் உரிமம் இல்லாமல் நிஜ ரிவால்வரைத் தொட முடியாது. டெக்சாஸில் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான்தான் ஹெரிடேஜ் ரஃப் ரைடர், ரூகர் ராங்ளர் என்ற இரண்டு ரிவால்வர்களையும் சுடக் கொடுத்தார். இரண்டும் .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவைச் சுடுபவை, ஆறு தோட்டா பிடிக்கும். ஒவ்வொரு முறையும் பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துத்தான் சுட வேண்டும்.

ஹெரிடேஜ் ரஃப் ரைடர் பெரும்பாலும் விலை குறைவு. இன்னும் வலுவான .22 மேக்னம் தோட்டாவுக்கான சிலிண்டரும் (தோட்டா போடும் சுழல் உருளை) சேர்ந்து வரும் மாடல் உண்டு. ஆனால் சுத்தியலுக்கு இடப்பக்கம் சுடவிடாமல் தடுக்கும் ஒரு சேஃப்டி நெம்புகோல். அதை மறந்து மறந்து விசையை அழுத்தினேன். 'டிக்' சத்தம்தான் வந்தது. அத்தான் சிரித்துவிட்டார். தோட்டா போடவும் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும்.

2019இல் வந்த ரூகர் ராங்ளரில் அந்தத் தொல்லை இல்லை. தோட்டா போடும் பக்கக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் இருபக்கமும் சுழலும். உள்ளே டிரான்ஸ்ஃபர் பார்: விசையை அழுத்தினால்தான் சுத்தியலின் அடி, தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசிக்குப் போகும். பளபளப்பு கிடையாது, செராகோட் என்ற பீங்கான் கலந்த பூச்சுதான். அழகென்றால் ரஃப் ரைடரின் மரப்பிடிக்கே என் ஓட்டு. காசு கொடுப்பதென்றால் ராங்ளர்.