பாலூட்டும் காலத்தில் பிறப்புறுப்பில் சீழ்க்கட்டி: ஒத்தடமா, கீறி வடிப்பதா?

பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் சீழ்க்கட்டி வந்துவிட்டால், உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பதே வேதனையாகிவிடும்.

பட்டாணி அளவுள்ள, காய்ச்சல் இல்லாத கட்டிக்கு முதலில் வெந்நீர் ஒத்தடமே ஏற்றது என்பேன். சுத்தமான துணியைத் தோல் பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடங்கள் வரை, நாளுக்கு மூன்று நான்கு முறை வைத்துவந்தால், இரத்த ஓட்டம் கூடிக் கட்டி பழுத்துப் பெரும்பாலும் தானே உடையும். பிதுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. தொற்று ஆழத்துக்குப் பரவும். வலிக்குப் பாரசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ உரிய அளவில் எடுக்கலாம். தாய்ப்பாலில் அவை மிகக் குறைவாகவே கலக்கின்றன. கட்டியைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் மார்பையோ குழந்தையையோ தொடக் கூடாது.

கட்டி பெரிதாகி, அழுத்தினால் உள்ளே சீழ் தளும்புவது தெரிந்தால், மருத்துவர் கீறி வடிப்பதே மேல்; சீழ் தேங்கிய இடத்தில் ஆன்டிபயாடிக் மட்டும் சரியாக வேலை செய்வதில்லை. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டிவருமோ என்ற அச்சத்தில் தாய்மார்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு நாளைத் தள்ளுவது வருத்தத்துக்குரியது. மரத்துப்போக இடும் லிடோகெய்ன் ஊசிக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. செஃபலெக்சின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவையே. குழந்தைக்கு மலம் சற்று இளகிப் போகலாம். இருப்பினும், பாலூட்டுவதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சலோ வேகமாகப் பரவும் சிவப்போ இருந்தாலும், தாய்க்கு நீரிழிவு இருந்தாலும், ஒத்தடத்தை நம்பிக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.